பச்சை வாசனை போகும் வரை

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அங்கே உன் நலமும் உன்னோடு அறையில் இருக்கும் இரண்டு பெண்களின் நலமும் அறிய ஆவல். நலம் என்று எழுதினேனே, அதில் முக்கால் பங்கு உண்மை, மீதிக் கால் பங்கைப் பின்னால் சொல்கிறேன், உடனே போனை எடுக்காதே, முழுசாகப் படித்துவிட்டு எடு. கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று குசுகுசுத்தாலும் உங்கம்மா காதுக்குப் போய்விடும், ரிப்பேர்க் கடையில் பேசலாம் என்றால் ஒரு பக்கம் மிக்ஸி அலறும், இன்னொரு பக்கம் ஃபேன் கரகரக்கும். அதனால் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மோட்டார் காயில் சுற்றும் மேஜையில் தாமிரக் கம்பிகளை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன். காகிதம் அங்கங்கே பிசுபிசுத்தால் அது வார்னிஷ், அப்பாவின் கண்ணீர் என்று நினைத்து நீ ஆரம்பித்துவிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ புலம்பினாயே, அங்கே நல்ல மளிகைக் கடையே கண்ணில் படவில்லை, அடுப்பு முன்னால் போய் நின்றால் என்ன செய்வதென்றே தோன்றவில்லை, ரொட்டியும் முட்டையும் முட்டையும் ரொட்டியுமாகப் பொழுது போகிறது என்று, அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கண்டத்தை எல்லாம் உன் அப்பா நான் இப்போதுதான் தாண்டி வந்திருக்கிறேன். ஆமாம், சில மாதங்களாக நம் வீட்டில் கரண்டி என் கையில்தான். வெந்நீர் வைக்கச் சொன்னால் அதையும் அடிபிடிக்க வைப்பார் என்று உங்கம்மா தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாளே, அதே ஆள்தான்.

இனி அந்தக் கால் பங்கு. மழை முடிகிற சமயத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து போனது உனக்குத் தெரியும். போகிற காய்ச்சல் சும்மா போகாமல் அவளுடைய மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது, அது உனக்குத் தெரியாது. சளி இல்லை, அடைப்பு இல்லை, ஆனால் அவளுக்குப் பூண்டும் ஒன்றுதான் சோப்பும் ஒன்றுதான். வாசனை போனால் ருசியும் பின்னாலேயே போய்விடுமாம், உப்பு புளிப்பு காரம் மட்டும் நாக்கில் நிற்கிறது, மற்றதெல்லாம் மரத்தூளைத் தின்பதுபோல் இருக்கிறது என்றாள். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, வாசனை நரம்பு களைச்சுப் போயிருக்கு, திரும்பி வரலாம் வராமலும் போகலாம், தினமும் நாலு டப்பாவைத் திறந்து மோந்து பாருங்க என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாள் மோந்தாள், அப்புறம் டப்பாக்களை மேல் தட்டில் ஏற்றிவிட்டாள். இதுவரைக்கும்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மதியம் சாப்பிட வந்தால் வாசலிலேயே கேஸ் நாற்றம் முகத்தில் அடிக்கிறது. உள்ளே பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது, கேஸ் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது, உங்கம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய் கேஸை மூடினேன். ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு நான் திரும்பினால், அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, அந்த அடுப்பைப் பாத்தாலே பயமா இருக்குங்க, இனிமே நான் உள்ள போகமாட்டேன் என்றாள். சொன்னபடியே போகவில்லை. ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை, ரவிக்கை எல்லாம் தொளதொளத்துவிட்டது. உனக்குச் சொல்லவே கூடாது என்று உத்தரவு, அவ அங்க தனியா உக்காந்து அழுதுக்கிட்டு இருப்பா என்றாள். நீ போனில் சீரகம் எவ்வளவு போடணும் என்று கேட்டால், கண்ணளவா போட்டுக்கோ என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்தாள். நீயும் என்னிடம், அம்மாவுக்கு இன்னும் என்மேல கோபமாப்பா, நான் இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தது பிடிக்கலையா என்று கேட்டாய், நான் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றினேன். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை கண்ணு. தனக்கே வாசனை தெரியாதபோது மகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று கூசிப்போனாள், அவ்வளவுதான் விஷயம்.

இப்படியாக நான் சமையலில் இறங்கினேன். அவளுக்குச் சமையல் தெரியும், மூக்கு இல்லை. எனக்கு மூக்கு உண்டு, சமையல் தெரியாது. என் மூக்கைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, மிக்ஸியைக் கழற்றாமலே காயில் கருகியதா கார்பன் தேய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். சரி, இரண்டையும் சேர்த்து ஒரு ஆளாக்கலாம் என்று போனில் வீடியோ போட்டுப் பார்த்தால், எல்லாரும் ஒரே பாட்டாக, பச்சை வாசனை போகும் வரை வதக்கவும் என்கிறார்கள். பச்சை வாசனை என்றால் என்ன என்று ஒருத்தரும் சொல்வதில்லை. உங்கம்மா கூடத்து நாற்காலியில் இருந்தபடியே, பச்சையா இருக்கும், போனா போயிடும் என்று விளக்கம் கொடுத்தாள். பிறகு நான் மசாலாவை வாணலியில் போட்டதும், இப்ப என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க என்றாள். நெடியாக, வார்னிஷ் மாதிரி வருகிறது என்றேன். அதுதான், அது போற வரைக்கும் கிளறுங்க என்றாள். நான் கிளறினேன் அம்மாடி, கை கழன்று விழுகிற மாதிரி கிளறினேன். மசாலா சிவந்தது, பழுப்பானது, கருத்தது, வார்னிஷ் வாசனை மட்டும் போகவே இல்லை. இன்னுமா போகல என்று அவள் கத்துகிறாள், போகலியே என்று நான் கத்துகிறேன். கடைசியில் வியர்வையைத் துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, வார்னிஷ் வாணலியில் இல்லை, காலையில் காயிலுக்குப் பூசிய என் கையில் இருக்கிறது. உங்கம்மா உள்ளே வராமல் வாசற்படியில் நின்று எட்டி அந்தக் கரியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், காய்ச்சலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று எங்களுக்கும் ரொட்டியும் வாழைப்பழமும்தான்.

நீ கேட்ட கடை விஷயத்துக்கு வருகிறேன். நல்ல கடையைத் தேடி நான் தெருத்தெருவாக அலையவில்லை, கடைகள் தாமாக என் மேஜைக்கு வருகின்றன. ரிப்பேருக்கு வருகிற மிக்ஸி ஜாருக்கு அடியில், பிளேடு சுற்றுகிற இடத்தில், அந்த வீட்டில் கடைசியாக என்ன அரைத்தார்களோ அது கொஞ்சம் ஒட்டியிருக்கும். மோந்து பார்த்தால் சரக்கின் யோக்கியதை தெரிந்துவிடும். ஒரு டீச்சரம்மா கொண்டுவந்த ஜாரில் மிளகு அப்படி ஒரு வாசனை, உச்சந்தலைக்கு ஏறியது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். அந்தம்மா முகம் சுண்டிப்போய், நான் ஜாரைக் கழுவித்தான் கொண்டுவந்தேன் என்று சண்டைக்கு வந்துவிட்டார். சமாதானப்படுத்தி விலாசம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. லேத் பட்டறைக்குப் பின்னால், போர்டுகூட இல்லாத ஒரு கடை. கடைக்காரர் ஓயாமல் தும்முவார், அதனால் எல்லாருக்கும் அவர் தும்மல்காரர். நான் தும்மலைன்னா வாங்காதீங்க, அது போன வருஷச் சரக்கு என்பார். நீயும் அக்கம்பக்கத்தில் எந்த வீட்டுச் சமையல் உன்னைப் படியில் நிறுத்துகிறதோ, கூச்சப்படாமல் கதவைத் தட்டி எங்கே வாங்கினீர்கள் என்று கேள். கடை விலாசத்தோடு ஒரு கிண்ணம் குழம்பும் கிடைக்கும்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் நான் பட்டதை நீ படாதே. படத்தில் சீரகம் ஒவ்வொன்றும் மாப்பிள்ளை மாதிரி மினுமினுவென்று நின்றது, வந்து இறங்கியது பட்டறைத் தூசி. அதற்குப் பிறகு எனக்கு ஞானம் வந்தது. ஐந்து நட்சத்திரம் போட்டவர் பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லை, ஒரு நட்சத்திரம் போட்டவருக்கு அன்று வீட்டில் சண்டை, மூன்று நட்சத்திரம் போட்டவர்தான் உண்மையாகச் சமைத்துப் பார்த்தவர். அவர் எழுதியதை மட்டும் படி. சமையல் வீடியோவிலும் அப்படித்தான், பளிங்குச் சமையலறையில் நகம் அழுக்காகாமல் சமைப்பவர்களை நம்பாதே. லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருத்தர் வீடியோ போடுகிறார், நடுவில் குக்கர் விசில் அடிக்கும், போன் சரிந்து விழும், ஐயையோ உப்பு கூடிப்போச்சு என்று அவரே தலையில் அடித்துக்கொள்வார், பிறகு அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று காட்டுவார். நமக்கு வேண்டியதும் அதுதானே. உங்கம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவள் படத்தைப் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். எண்ணெய் இன்னும் காயல, இப்பப் போடாதீங்க என்று சத்தத்தை வைத்தே போனிடம் சொல்வாள், அந்த மனுஷனும் கேட்டதுபோல் கொஞ்சம் பொறுத்துத்தான் போடுவார். வாசனை இல்லாவிட்டால் என்ன, கடிபடுகிற சத்தமாவது இருக்கட்டும் என்று முள்ளங்கி, வெள்ளரி, வறுத்த கடலை என்று நறுக் நறுக்கென்று இருப்பதாகத் தேடித் தேடி வாங்கினேன். அதில் கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்தாள்.

இப்போது முக்கியமான சேதி. தும்மல்காரர் கடையில் போனமுறை அவர் அளவுக்கு அதிகமாகத் தும்மினார், மிளகு புதுசு என்று ஏமாந்து கூடுதலாக வாங்கினேன், பார்த்தால் அவருக்கு ஜலதோஷம். அது அப்படியே எனக்கு வந்துவிட்டது. மூக்கு இறுக அடைத்துப்போய், வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மூக்கு இருந்ததும் போயிற்று. அந்த நிலைமையில் முந்தாநாள் அடுப்பில் வாணலி வைத்து உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு, போனில் லாரிக்காரர் வெங்காயம் நறுக்குகிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். உள் அறையில் படுத்திருந்த உங்கம்மா, என்னங்க அடிபிடிக்குது என்று கத்தினாள். நான் பழக்கதோஷத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதெல்லாம் ஒண்ணும் இல்ல என்றேன். அடுத்த நிமிஷம் அவள் அடுப்பங்கரைக்குள் நிற்கிறாள். அடுப்பை அணைத்து, முந்தானையால் வாணலியைப் பிடித்து இறக்கி, கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு, மூக்கு எங்க இருக்கு என்று திட்ட ஆரம்பித்தவள், அங்கேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். வாணலியின் மேல் குனிந்து மோந்தாள், மறுபடி மோந்தாள். ஏங்க, கருகின வாசனைங்க என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன் சிட்டு, இவ்வளவு இனிப்பாக ஒன்று வாங்கியதில்லை. இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம், அழுதோம் என்றும் சொல்லலாம், சிரித்தோம் என்றும் சொல்லலாம். பிறகு மேல் தட்டு டப்பாக்களை எல்லாம் இறக்கச் சொன்னாள். பூண்டுக்கு ஒன்றும் இல்லை, சீரகத்துக்கு ஒன்றும் இல்லை. காபித்தூளுக்கு மட்டும், தூரத்துல யாரோ பேசற மாதிரி இருக்கு என்றாள். டாக்டரிடம் போனோம், நல்ல அறிகுறிதான், மெள்ள மெள்ள வரும், எல்லாமே வருமான்னு இப்ப சொல்லமுடியாது என்றார். எங்களுக்கு இது போதும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. உனக்கென்று நேற்று அவளே அடுப்பு முன்னால் நின்று வறுத்து அரைத்த மசாலா. மூக்கடைத்த நானும் மூக்கு பாதி திரும்பாத அவளும் சேர்ந்து பக்குவம் பார்த்தது, ஆகவே எப்படி வந்திருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மாவுக்குப் போன் செய், என்ன வாசனை வருகிறது என்று நீதான் சொல்லவேண்டும், நன்றாக விவரமாகச் சொல்லு, அவள் காதால் மோந்துகொள்வாள். நடந்ததை எல்லாம் தானே உன்னிடம் சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள், அதனால் நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே, புதிதாகக் கேட்பதுபோல் ஐயையோ அப்படியா என்று கேள், உனக்கு நடிக்கச் சொல்லித்தரவா வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியில் காலம் தள்ளாதே, அடுப்பை அணைத்தாயா என்று படுக்கப்போகும் முன் ஒருமுறை பார், அந்த இரண்டு பெண்களுக்கும் சேர்த்துச் சமை. நோய்நொடி இல்லாமல், வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு நீ நூறு வயது வாழவேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

அந்த வாணலியை இன்னும் தேய்க்கவில்லை. ஒரு எச்சில் டம்ளரைக்கூட ராத்திரி முழுக்க விட்டுவைக்காதவள், இதை மட்டும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டாள். இன்று காலையில் பால் வைப்பதற்கு முன்னால் போய் அதன்மேல் குனிந்து மோந்து பார்த்தாள், இருக்குங்க என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இப்படிக்கு,
வாணலியைத் தீய்த்த பெருமைக்குரிய,
உன் அன்பு அப்பா.