சுவரில் ஒரு அம்புக்குறி

நகக்கண்ணில் சிவப்பு பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், தேங்காயெண்ணெய் தேய்த்தேன், துணி சோப்பையும் விட்டுவைக்கவில்லை. போகவில்லை. இன்று காலை திருப்பதி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். அவளிடம் என்ன சொல்ல? உன்னிடம்தான் சொல்லலாம்: இது உங்கள் வீட்டுச் சுவரில் எழுதிய பெயிண்ட். ஆமாம், நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். நீ போன பிறகு முதல் தடவையாக. அதை உன்னிடம் சொல்லாமல் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

நீ இருந்திருந்தால், "மொதல்ல உக்காருமே, கால ஆட்டாத" என்றிருப்பாய். இப்போதும் ஆட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அதே பஸ்தான். விஜயபுரத்தில் ஏறினால் நகரி, புத்தூர், வடமாலப்பேட்டை, திருப்பதி. கோச்சிங் சென்டருக்குப் போகும்போது நாம் அந்த வழியைப் பாடவாரியாகப் பிரித்து வைத்திருந்தோமே. நகரி வரை வனவிலங்கு. புத்தூர் வரை உலக சுகாதாரம். வடமாலப்பேட்டை வரை வளர்ச்சி நிதி. அங்கிருந்து திருப்பதி வரை கலாசாரம். தப்பாகச் சொன்னவள் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆந்திராவில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு குரூப் டூ எழுதக் கிளம்பிய நமக்குக் கேள்வி தெலுங்கில் வரும், யோசனை தமிழில் ஓடும், பதில் இங்கிலீஷில் வாயிலிருந்து விழும். ஸ்ரீ சிட்டி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பையன்கள் நம்மைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். கண்டக்டருக்கே பாதி கரண்ட் அஃபேர்ஸ் மனப்பாடம் ஆகிவிட்டது.

நான் சரியாகச் சொன்னாலும் நீ விட மாட்டாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "கரெக்ட்டே. அது நம்ம ஊர்ல எங்க கீது?" என்பாய். நம் ஊர்ப்பக்கம் அதைக் காட்டினால்தான் உன் கணக்கில் அது பதில். யானை வழித்தடம் என்றேன். எங்க கீது என்றாய். எனக்குத் தெரியவில்லை. "பாலசமுத்திரத்துல, எங்க சித்தப்பா கரும்புக் கொல்லையில. போன வாரம் நொழஞ்சி மொத்தத்தையும் துன்னுட்டுப் போச்சி. சித்தப்பா தலையில கை வெச்சிக்கினு உக்காந்துக்கினு கீறாரு, நீ இன்னாடான்னா வழித்தடங்கற" என்றாய். பரீட்சையில் சித்தப்பாவையெல்லாம் கேட்க மாட்டார்கள் என்று நான் கத்தினேன். ஜன்னல் சீட்டு உனக்குப் போனது.

வளர்ச்சி நிதியை நான் வெறுத்தேன். எந்த வங்கி, எந்த நாடு, எதற்குக் கடன், எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். நீ என்னை இழுத்துக்கொண்டு போய் நம் ஊர் சுகாதார நிலையத்தின் முன்னால் நிறுத்தினாய். புதுக் கட்டடம், பளபளவென்று டைல்ஸ், வாசலில் வெளிநாட்டுக் கடனுதவியில் கட்டியது என்று கல்வெட்டு. "இதோ, இங்க கீது பாரு உன் வளர்ச்சி நிதி" என்றாய். உள்ளே போய் நர்சம்மாவிடம் பாம்புக்கடி மருந்து இருக்கிறதா என்று கேட்டாய். பிரிட்ஜ் இன்னும் வரவில்லை, பிரிட்ஜ் வந்தால்தான் மருந்து வரும் என்று அவள் பாவமாகச் சொன்னாள். வெளியே வந்து சிரித்தாய். "கடன் வந்துட்சி, கட்டடம் வந்துட்சி, மருந்துக்குத்தான் பஸ் கெடைக்கல போலக்கீது." நானும் சிரித்தேன்.

மருந்தைப் பற்றி நீ கேட்டதற்குக் காரணம், அதற்கு முந்தைய நாள் புத்தூர் வருவதற்குள் நான் கேட்ட ஒரு கேள்வி. உலக அளவில் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்க்கப்பட்ட, கிருமியால் வராத ஆபத்து எது? நீ யோசிக்கவே இல்லை. பாம்புக்கடி என்றாய். அன்றைக்கு நான்தான் உன்னைச் சீண்ட, "அது நம்ம ஊர்ல எங்க கீது?" என்று திருப்பிக் கேட்டேன். "எங்க இல்ல? வேர்க்கடலக் கொல்லையில கால் வெச்சிப் பாரு" என்றாய்.

போன அறுவடையில், காலை வேளையில், பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடிக் குவியலை நீ இரண்டு கையாலும் வாரித் தூக்கியபோது அடியில் கண்ணாடி விரியன் இருந்தது.

அறுவடைக்காக நீ லீவு எடுத்திருந்தாய், நான் மட்டும் திருப்பதியில் வகுப்பில் இருந்தேன். உன் போன் வந்தது. உன் குரலில் பயம் இல்லை, அவசரம்தான் இருந்தது. அதனால்தான் இன்னும் காதில் கேட்கிறது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர் பிடித்து தமிழ்நாட்டுக்குப் போய்விட்டது, அவர்கள் எந்த மாவட்டம் எந்தத் தாலுகா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதனால் உன் நைனா தன் லோடு ஆட்டோவிலேயே உன்னை ஏற்றிவிட்டார். கட்டுப் போட வந்தவர்களை நீ தடுத்துவிட்டாய். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாய். பிறகு சொன்னாய்: "நைனா நகரி ரோட்ல வண்டிய திருப்புறாருமே. திருத்தணிதான் கிட்ட. நான் சொன்னா கேக்க மாட்டன்றாரு. நீ சொல்லு."

எங்கள் வீட்டில் அப்பா என்போம். உன் அப்பாவை மட்டும் உன்னைப் போலவே நைனா என்றுதான் கூப்பிட்டேன். "நைனா, திருத்தணிக்குப் போங்க" என்று அலறினேன். வராந்தாவில் எல்லாரும் பார்த்தார்கள். அவர் சொன்னது இதுதான்: "அங்க நம்ம கார்டு செல்லாதும்மா." சச்சிவாலயத்தில், நம் கிராம அரசு அலுவலகத்தில், வரிசையில் நின்று வாங்கிய ஆந்திர ஹெல்த் கார்டு. அதை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்குக் கார்டு கேட்க மாட்டார்கள், எந்த மாநிலம் என்றும் கேட்க மாட்டார்கள் என்று நான் சொல்லச் சொல்ல வண்டிச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் போன் நின்றுவிட்டது.

இந்தப் பக்கம் நகரி ஆஸ்பத்திரிவரை அத்தனை தூரம் போய், அங்கிருந்து திருப்பதிக்கு அனுப்பி, வடமாலப்பேட்டை தாண்டும்போது நீ போய்விட்டாய். நான் திருப்பதி ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். காலியாக.

எல்லையில் வாழ்கிறவர்களுக்கே வரும் புத்தி இது. நமக்குச் சேலை திருத்தணியில், சினிமா திருத்தணியில், கல்யாண நகையும் அங்கேதான். ரேஷன் என்றால், பென்ஷன் என்றால், சர்டிபிகேட் என்றால் மட்டும் முகம் தானாக இந்தப் பக்கம் திரும்பும். நைனா உன் உயிரையும் அந்த ரேஷன் கணக்கில் சேர்த்துவிட்டார் என்று எனக்குக் கோபம். சாவு வீட்டில் அவர் என் கையைப் பிடிக்க வந்தபோது உதறினேன். அதற்குப் பிறகு அவர் போன் வந்தால் எடுக்கவில்லை. ஊருக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போய்விட்டு உங்கள் தெரு வழியாக வராமல் சுற்றிப் போனேன்.

நீ எழுத வேண்டிய பரீட்சை தள்ளிப்போய், தள்ளிப்போய், கடைசியில் வந்தது. நான் எழுதினேன். தேறவில்லை. சிரிக்காதே. இப்போது நாம் படித்த அதே கோச்சிங் சென்டரில் கரண்ட் அஃபேர்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். தேறாதவள் தேற வைக்கப் போகிறாள் என்று நீ ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாய்.

நேற்று ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். கேட்டுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் நைனா நின்றிருந்தார். சர்ச்சுக்குள் அவர் எதற்கு வரப்போகிறார்? வெயிலில் எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. கையில் பிளாஸ்டிக் பை, அதில் பெயிண்ட் டப்பா. என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். எனக்குத் திரும்பி உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

"எம்மா, கொல்லையில கடல புடுங்க ஆரம்பிச்சிட்டாங்க. எங்கூட்டு சொவுத்துல நீ எழுதிக் குடுக்கணும். எனக்கு தெலுங்கு எழுத வராது. தமிழும் தப்புத் தப்பா வரும்" என்றார்.

"இன்னா எழுதணும்?"

"அன்னைக்கு நீ போன்ல சொன்னத."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "இப்ப எழுதி இன்னா பண்றது நைனா? அவ வந்துடுவாளா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். பாட்டுப் புத்தகத்தோடு நின்றவர்கள் எல்லாரும் மெல்ல நகர்ந்தார்கள்.

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் கிளம்பிப் போயிருப்பேன். "அவ வர மாட்டாம்மா. கார்ட நான் இன்னும் பாக்கெட்லதான் வெச்சிக்கினு கீறேன், பாரு" என்று எடுத்துக் காட்டினார். "இத நம்பினு நான் ஒருத்தந்தான் போனேன்னு நெனச்சியா? நம்ம ஊர்ல யாரு கேட்டாலும் கார்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் போறன்றாங்க. நேத்துகூட டீக்கடையில கேட்டுப் பாத்தேன். அத்தினி பேரும் அதையேதான் சொல்றான்." கார்டைப் பையில் திரும்பச் செருக அவருக்குக் கை வரவில்லை. நான்தான் வாங்கிச் செருகினேன்.

சுவருக்கு அவர் முதல் நாளே சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். உங்கள் வீட்டு வெளிச்சுவர், ரோடு இரண்டாகப் பிரிகிற முனையைப் பார்த்தது. அன்று வண்டியை நகரி பக்கம் திருப்பிய அதே முனை. நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று மேலே தெலுங்கிலும் கீழே தமிழிலும் எழுதினேன். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள். கடித்த இடத்தை வெட்டாதீர்கள். உடனே கிட்டத்திலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கார்டு வேண்டாம். நைனா கீழே நின்று டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். தமிழ் வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்தார். "கார்டு வேண்டாம்" என்ற இடத்தில் நின்று, அதை மட்டும் மறுபடி முதலிலிருந்து படித்தார். அந்த எழுத்தை இன்னும் பெரிசாகப் போடச் சொன்னார். போட்டேன். அந்த வரி மட்டும் மற்றதைவிடத் தடிமனாக, கொஞ்சம் கோணலாக நிற்கிறது. பெயிண்ட் முழங்கைவரை வழிந்தது.

வேலை முடிந்தது என்று இறங்கினேன். அவர் நகரவில்லை. "அவ இருந்தா இத பாத்து இன்னா சொல்லுவா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "எல்லாம் கரெக்ட்டே, அது எங்க கீதுன்னு கேப்பா நைனா" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பிரஷை வாங்கிக்கொண்டார். டப்பாவில் முக்கி, சொட்டச் சொட்ட, என் எழுத்துக்களுக்குக் கீழே சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு கோடு இழுத்தார். ஒரே இழுப்பில் வரவில்லை, நடுவில் நின்று மூச்சு விட்டுக்கொண்டார். கடைசியில் முக்கோணமாக ஒரு தலை வைத்தார். அம்புக்குறி. திருத்தணி பக்கம்.

அதற்குப் பிறகு அவர் அங்கேயே, அந்த அம்புக்குறிக்கு அடியில், தரையில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. அவரும் போகச் சொல்லிக் கேட்கவில்லை. உன் அம்மா வந்து "துன்னுட்டுப் போம்மா" என்றார். கோழிக் குழம்பும் சோறும் துன்னேன். உன் தட்டில்தான் போட்டார். தெரிந்து போட்டாரா, கைக்கு வந்ததை எடுத்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று காலை பஸ்ஸில் நான் வேண்டாம் என்று நினைத்தாலும் பாடங்கள் ஊர் வாரியாக வந்துகொண்டேதான் இருந்தன. வடமாலப்பேட்டையில் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அதைத் தாண்டினால் கலாசாரம். அந்தப் பாடத்தில் நான் உன்னை ஒருமுறைகூடத் தோற்கடித்ததில்லை. திருப்பதி கங்கம்மா ஜாத்திரை எந்தக் கலாசாரப் பட்டியலில் இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "ஜனங்க சேத்துட்டாங்க, அப்புறம் யாரு சேக்கணும்?" என்று திருவிழாவில் பெண் வேஷம் கட்டிய ஆண்களைப் பார்த்து விசிலடித்தவள் நீ. ஜன்னல் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் பிடுங்கவில்லை. பையிலிருக்கும் போன் அதிரும்போதெல்லாம் எடுத்து யாரென்று பார்த்தேன். கடலை பிடுங்குகிற நாட்கள் முடியும்வரை இப்படித்தான் இருக்கும்.

முதல் வகுப்பு. மாதிரித் தாளில் அந்தக் கேள்வியே வந்திருந்தது. கவனிக்கப்படாத நோய்கள் பட்டியலில் சேர்ந்தது எது? முன்வரிசைப் பெண் கேள்வி முடியும் முன்பே "பாம்புக்கடி மேடம்" என்றாள். ஒரு மார்க். அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதுதான். பக்கத்தைத் திருப்பப் போன கை நின்றுவிட்டது.

"கரெக்ட்டே. அது நம்ம ஊர்ல எங்க கீது?" என்றேன்.

வகுப்பே விழித்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். என் கை, அந்தச் சிவப்பு நகத்தோடு, தானாக உயர்ந்து திருத்தணி பக்கம் நீண்டது.