ஆடுகிற அடுப்பு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல் இடுக்கில் நேற்றைய கரி போகவில்லை.

வெள்ளிமலைப் பக்கம் எங்கள் கம்பெனி இலவசமாக இரும்பு அடுப்பு கொடுக்கிறது. அதனால் குறைகிற புகையைக் கணக்குப் போட்டு, கார்பன் கிரெடிட் என்று வெளிநாட்டு ஆலைகளுக்கு விற்கிறோம். அடுப்பு நிஜமாகவே எரிகிறதா என்று பார்க்க இன்று ஒரு வெளிநாட்டுத் தணிக்கையாளர் வந்தார். சமைப்பவரிடமே கேட்க வேண்டும் என்பது விதி. மொழிபெயர்க்க நான் போனேன்.

அவர் பார்க்க வேண்டிய வீட்டு அலமேலு அக்கா, நாங்கள் கொடுத்த அடுப்பைப் பரணில் போட்டிருந்தார். நேற்றே போய் அதை இறக்கி, சுள்ளி எரித்துக் கரி பிடிக்க வைத்தேன். மேனேஜர் சொன்னார் என்று எழுத வந்தேன். சொன்னது அவர், கொளுத்தியது நான்.

இன்று அக்கா மறைக்காமல் சொன்னார். "களி கிண்டினா அடுப்பு ஆடுதுங்க. மண்ணடுப்புலதான் ஆக்கிக்கினு இருக்கேன்."

தினமும் இதில்தான் சமைக்கிறாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. தணிக்கையாளர் எழுதிக்கொண்டு அக்காவைக் கும்பிட்டார்.

ஜீப்பில் ஏறும்போது அக்கா பின்னாலேயே வந்தார்.

"நான் சொன்னத அப்டியே எழுதிக்கினாரே சார், நல்ல மனுசன். அடுத்த தபா ஆடாத அடுப்பா குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கக்கா" என்றேன்.

அதையாவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.