ஹெயிட்டிக்குப் பிரெஞ்சு, வடக்குக்குத் தமிழ்

மல்லி, சிங்களத்தில் தம்பி என்று உங்களை இப்படித்தானே கூப்பிடுவேன். இன்று பலாங்கொடை டவுனில் முஸ்லிம் நானாவின் கடையைத் தாண்டும்போது ஏலக்காய் சேர்த்து இடித்த கோப்பித்தூள் வாசம் வந்தது. பெய்ரூட்டில் நான் வேலைக்கு நின்ற வீட்டு வாசம் அது. அந்த வீட்டை நினைத்தால் இப்போதெல்லாம் மேடத்தின் முகம் வருவதில்லை. நீங்கள்தான் வருகிறீர்கள்.

ராணுவத்திலிருந்து ஹெயிட்டிக்கு ஐ.நா. அமைதிப்படையில் போக உங்கள் பெயர் வந்திருந்தது. முகாமில் அந்த நாட்டுப் பழக்கவழக்கம் பற்றி வகுப்பு வைத்தார்கள். கொஞ்சம் பிரெஞ்சும் சொல்லிக்கொடுத்தார்களாம். லீவில் வந்த நீங்கள், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் உங்கள் கிராமத்திலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறி வந்தீர்கள்.

"அக்கே, லெபனான்ல அந்த வீட்டுக்காரங்க பிரெஞ்சு பேசுவாங்கன்னு சொன்னீங்களே. எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்று சிங்களத்தில் கேட்டீர்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வா. சீக்கிரம். கொண்டுவா. தொடாதே. நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "இது போதும் அக்கே. ஆமிக்காரனுக்கு வேற என்ன வேணும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இதெல்லாம் எனக்குச் சொன்னது மல்லி. சொன்னவங்கள நான் எப்படிப் பார்த்தேன்னு உங்களுக்குத் தெரியாது" என்றேன். விருந்தாளிகளிடம் மேடம் பேசியதை யோசித்து யோசித்து எடுத்துத் தந்தேன். தயவுசெய்து என்பதற்கு 'சில் வூ ப்ளே'. மன்னிக்கணும் என்பதற்கு 'பர்தோன்'. லீவு முடியும்வரை வந்து வந்து அதையே சொல்லிப் பார்த்தீர்கள்.

திரும்பி வந்தபோது கறுத்து மெலிந்திருந்தீர்கள். அங்குள்ள சனம் பேசுவது வேறு மாதிரியாம். நான் தந்ததில் பாதி எடுபடவில்லையாம். ஆனாலும் தண்ணீர் வண்டிக்கு வரிசையில் நின்ற ஒரு கிழவியிடம் 'பர்தோன்' என்றதும், அவள் உங்கள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாளாம். சொல்லும்போதே கன்னத்தைத் தொட்டுக்கொண்டீர்கள்.

பிறகு உங்களை யுத்தம் நடந்த வடக்குக்கு அனுப்பினார்கள். போகுமுன் மறுபடி வந்தீர்கள்.

"அக்கே, தமிழ் சொல்லிக்குடுங்க."

"ஒண்ணுமே தெரியாதா?"

"நில்லு. கையத் தூக்கு. ஐடென்டி கார்ட் காட்டு. அவ்வளவுதான்."

என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வாரம்தான் அவரை சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, இதே சொற்களால் விசாரித்திருந்தார்கள். உங்கள் கையில் துவக்கு இருக்கும். எதிரில் நிற்பவர்கள் எங்கள் பாஷை பேசுகிறவர்களாக இருப்பார்கள். சொல்லிக்கொடுப்பது சரியா என்று யோசித்தேன். பிறகு சொல்லிக்கொடுத்தேன்.

வடக்கிலிருந்து வந்த உங்கள் சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டிய உங்கள் வீட்டு முற்றத்தில், எங்கள் லயத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போவதா, அப்படியே திரும்பிவிடுவதா என்று நின்றேன். உங்கள் மனைவி எழுந்து வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க. உக்காருங்க. தண்ணி குடிங்க" என்று தமிழில் சொன்னார்.

நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. வீட்டில் அவரிடம் சொல்லிச் சொல்லித்தான் பழகியிருக்கிறீர்கள்.

உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன்.

வடக்கில் அதை யாரிடமாவது சொன்னீர்களா, சொல்ல நேரம் கிடைத்ததா, எனக்குத் தெரியாது. கேட்டறிய ஆளும் இல்லை. உங்கள் மனைவியின் வாயால் கேட்டது மட்டும் என்னிடம் இருக்கிறது.