சிவப்புக் காலிப்பர், வெள்ளைக் கோடு

ஏப்ரல் 20, ஞாயிறு

பனி ஒருவழியாக விட்டது. அப்பாவின் வண்டியில் குளிர்கால டயர்களைக் கழற்றிச் சாதாரண டயர் மாட்டும் நாள். எங்கள் ஊர் ஷின்ஜோவில் இன்று எல்லா வீட்டு வாசலிலும் ஜாக்கி.

சக்கரம் கழன்றிருக்கும்போதே, உள்ளே டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர்களுக்குச் சிவப்பு அடித்துவிட வேண்டும் என்று, நான் வசிக்கும் செண்டாயிலிருந்தே டப்பா வாங்கி வந்திருந்தேன். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு தின்று துருவேறிப் போயிருந்தன. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்க்கில் படாமல் டேப் ஒட்டி, மூன்று பூச்சு. பக்கத்தில் டயர் கழுவிக்கொண்டிருந்த அப்பா, “பிரேக்குக்கு உதட்டுச்சாயமா? எந்த மாப்பிள்ளை பாக்க வரான்?” என்றார்.

சக்கரங்களை அவரேதான் மாட்டினார். போதிய இறுக்கம் வந்து ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றதும் நட்டிலிருந்து சக்கரம்வரை வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு. நட்டு துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். முப்பத்தோரு வருஷம் பள்ளிகளுக்கு மதியச் சாப்பாட்டு வண்டி ஓட்டியவர். இன்றும் வண்டியை எடுக்கும் முன் சுற்றி வந்து கோடுகளைப் பார்ப்பார். பிறகுதான் சாவி.

ஏப்ரல் 23, காலை

முன் இடது காலிப்பரில் வண்ணம் வழிந்து உறைந்திருந்தது. நடுவில் ஒரு பிரஷ் மயிர். மூன்று நாளாகக் கண்ணை உறுத்தியது. அப்பா முடிவெட்டப் போன நேரத்தில் அந்த ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றி, தேய்த்து, மறுபடி அடித்தேன். காய்ந்ததும் சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் திருகும்போது கைபேசி. பத்திரிகை ஆசிரியர். என் கதையை எடுத்துக்கொள்கிறார்களாம்! என் முதல் கதை.

வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசினேன். திரும்பி வந்து ஜாக்கியை இறக்கினேன். அப்பா போட்ட கோடுகள் உடைந்து கோணல்மாணலாக நின்றன. அப்பா பார்த்தால் ‘என் சக்கரத்துல ஏன் கை வெச்சே’ என்பார். தின்னரில் துடைத்துப் புதிதாகப் போட்டேன். அவர் கோட்டைவிட நேராகவே வந்தது.

ஏப்ரல் 24

அம்மாவின் நெற்றியில் மூன்று தையல். வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை என்று எழுதுகிறேன்.

அம்மா இருப்பது மலையடியில், முதியோர் இல்லத்தில். நினைவு போய்க்கொண்டிருக்கிறது. அப்பா தினமும் பதினான்கு கிலோமீட்டர் ஓட்டிப் போய் இரவுச் சாப்பாட்டை ஊட்டிவிட்டு வருவார். நேற்று செர்ரிப் பூ பார்க்க அவளை ஏற்றிக்கொண்டு ஆற்றோரம் போயிருக்கிறார். வண்டிக்கு முன்னால் ஒரு சக்கரம் உருண்டு போனதாம். யாருடையது என்று நினைத்தாராம். பிறகு வண்டி சாய்ந்து தடுப்புக் கம்பியில் உரசி நின்றிருக்கிறது. அம்மா சிரித்தாளாம்.

முன் இடது.

ரெஞ்சை நான் எடுக்கவே இல்லை. நேற்று ராத்திரி முழுவதும் கையில் அந்தக் ‘க்ளிக்’கைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

போலீஸ்காரரிடம் அப்பா சொன்னது ஒன்றுதான்: “கோடு நேரா இருந்துது. நான் பாத்துட்டுதான் எடுத்தேன்.”

பக்கத்தில் நின்றேன்.

ஏப்ரல் 26

அக்கா மிசாவோ வந்து சமையலறையில் கத்தினாள். எழுபத்தொரு வயசில் இன்னும் என்ன ஓட்டுவது, அம்மா செத்திருந்தால் என்ன செய்வது என்று. அப்பா முள்ளங்கி ஊறுகாயை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தட்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

“முறுக்காமயே கோடு போட்டிருக்கேன், மிசாவோ. போட்டதும் ஞாபகம் இல்ல. உங்கம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?”

அக்கா கத்துவதை நிறுத்திவிட்டாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல இடம் இனி வராது.

ஏப்ரல் 27

இன்றும் சொல்லவில்லை.

மே 9

அப்பா லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். காவல் நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். அதில் தங்கப் பட்டை. ஒரு குற்றமும் இல்லாமல் ஓட்டியவர்களுக்குத் தருவது. கவுன்ட்டரில் இருந்த பெண் இனி செல்லாது என்று அதில் ஓட்டை போட்டாள். “சுகானோ ஐயா, இத்தனை வருஷம் பத்திரமா ஓட்டினீங்க, நன்றி,” என்று குனிந்தாள். அப்பாவும் குனிந்தார். கொடுத்தால் கொடுத்ததுதான், வேண்டுமென்றால் புதிதாகப் படித்துப் பரீட்சை எழுத வேண்டும் என்று படிவத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

நான் எதற்குப் பயப்படுகிறேன்? அவர் அடிக்க மாட்டார். கத்தவும் மாட்டார். வண்ணம் வழிந்ததைத் தாங்க முடியாதவன், இதை எப்படித் தாங்குகிறேன்?

மே 18

வண்டி இன்னும் பட்டறையில். அப்பாவோடு பஸ்ஸில் போனேன். திரும்பி வரக் கடைசி பஸ் 3.20க்கு. சாப்பாடு ஐந்து மணிக்கு. செவிலி ஊட்டினால் அம்மா வாயைத் திறப்பதில்லையாம். ஒரு மாதத்தில் நான்கு கிலோ இளைத்திருக்கிறாள். கிளம்பும்போது அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விரல் விரலாக விடுவித்தார்.

ஜூன் 1

சொல்லிவிட்டேன்.

பின்வாசலில் ஷூ துடைத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தைக் கழற்றியது, கைபேசி அடித்தது, முறுக்காமல் விட்டது. கேட்டுக்கொண்டே துடைத்தார்.

“கோடு?”

“நான்தான்பா போட்டேன். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு.”

துடைப்பதை நிறுத்தினார். “மறந்தது சரி. எல்லாரும் மறப்பாங்க. கோடு எதுக்குடா போட்ட?”

ஷூவை ஓரமாக வைத்தார்.

“மூளையை ஸ்கேன் எடுக்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அஞ்சு வாரமா காஸை மூடினேனான்னு மூணு மூணு தடவை எழுந்து போய்ப் பாக்கறேன். நீ பாத்துட்டுதானே இருந்த?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 2

அக்கா தொலைபேசியில்: “நான் அவரை அவ்ளோ பேசினேன். என்னைப் பேச விட்டுட்டு நீ சோறு தின்னுட்டு இருந்தே.” வைத்துவிட்டாள்.

ஜூன் 7

சனி, ஞாயிறுகளில் வந்து அம்மாவிடம் அழைத்துப் போகிறேன் என்றேன். அப்பா தலையை ஆட்டினார். பிறகு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பட்டறையிலிருந்து வந்திருந்த வண்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றேன். பின் இருக்கையில் அவர் பிடரி தெரிந்தது.

ஐந்து மணிச் சாப்பாட்டை அவர் ஊட்டினார். அம்மா வாயைத் திறந்தாள். திரும்புவதற்கு பஸ் இல்லை. அப்போதுதான் வண்டியில் ஏறினார். பின் இருக்கையில்.

ஆகஸ்ட் 30

என் கதையோடு பத்திரிகை வந்தது. உறையைப் பிரிக்கவில்லை.

நவம்பர் 16

ஓட்டும் பள்ளியில் சேர்ந்துவிட்டார். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் நாளே பதினெட்டு வயசுப் பிள்ளைகள் அவரை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். “எல்லாரையும் உக்காரச் சொல்லிட்டு நானும் உக்காந்தேன்,” என்றாராம்.

இன்று குளிர்கால டயரைத் தனியாக மாட்டினார். நான் உதவிக்கு இறங்கினேன். “உள்ளே போ, குளிருது,” என்றார். ஜன்னலிலிருந்து க்ளிக்குகளை எண்ணினேன். குளிர்கால இரும்புச் சக்கரங்களுக்குப் பின்னால் சிவப்பு தெரிவதில்லை.

பிப்ரவரி 1

அப்பா சாலைப் பரீட்சையில் தோற்றார். நிறுத்தக் கோட்டில் முழுசாக நிற்கவில்லையாம். முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர். மேஜையில் கேள்விப் புத்தகம் கிடந்தது. ஓரங்களில் அவர் கையெழுத்து, பள்ளிப் பிள்ளை போல. அதைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

புது லைசென்ஸ் வந்துவிட்டது. தங்கம் இல்லை, பச்சைப் பட்டை. ஒரு வருஷம் வண்டியின் முன்னும் பின்னும் புது ஓட்டுநருக்கான தளிர் இலை வில்லை ஒட்டியாக வேண்டும். எழுபது தாண்டியவர்களுக்கான பழுத்த இலையையும் அக்கா பக்கத்திலேயே ஒட்டிவிட்டாள். அப்பா தள்ளி நின்று பார்த்தார்.

“முளைச்சதும் இதுலதான், உதிரப் போறதும் இதுலதான்.”

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா என்னைப் பார்த்தார், சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் மிச்சமிருக்க. பத்து மாதத்தில் முதல் தடவை.

மூன்றரைக்குக் கிளம்பினார், அம்மாவின் சாப்பாட்டுக்கு. நவம்பரில் அவரே போட்ட கோடுகள், எல்லாம் நேராகத்தான் இருந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. டிக்கியிலிருந்து ரெஞ்சை எடுத்து, ஈரத் தரையில் முட்டி போட்டு, நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டாக முறுக்கிப் பார்த்தார். பிறகுதான் சாவி.

தினமும் அப்படித்தான் செய்யப் போகிறாராம். அக்கா சொன்னாள்.