கறுப்பு நாடா ஒட்டிய குடுவைகள்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவள் மூவரும் நலம், அப்பாவின் முட்டி மட்டும் நலமில்லை. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, என்ன பதில் வரும் என்று தெரியும். வேறு யார் வாயிலிருந்தாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், எங்கள் ஆய்வகத்தில் பத்து நாள் விஞ்ஞானத்தைத் தலைகீழாக நிறுத்தி வைத்தது உன் அம்மாதான்.

எங்கள் பேராசிரியர் வளர்ப்பது நீலப்பச்சைப் பாசி, ஒவ்வொன்றும் கண்ணுக்கே தெரியாத உயிர். அதன் உடம்புக்குள் மெல்லிய சவ்வுகள் அடுக்கடுக்காக இருக்கின்றனவாம், வெளிச்சத்தைப் பிடித்துச் சாப்பாடாக்கும் எந்திரமெல்லாம் அந்தச் சவ்வில்தான் உட்கார்ந்திருக்கிறதாம். சவ்வு கொழுப்பால் ஆனது. அதில் ஒரு வகைக் கொழுப்பு இல்லாவிட்டால் எந்திரம் பிடிப்பு விட்டுப்போகும், வெளிச்சத்தில் அடிபட்ட பாகத்தைச் சரிசெய்யவும் முடியாது, பாசி வெளிறிவிடும். இதை நிரூபிக்கத்தான் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி நான்கு வருடமாக உயிரை விடுகிறாள். அந்தக் கொழுப்பைத் தானே செய்துகொள்ளத் தெரியாத பாசியாகப் பார்த்துக் குடுவைகளில் வைத்திருக்கிறாள். சிவப்பு நாடா ஒட்டியவற்றுக்குக் கொழுப்பைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும், கறுப்பு நாடாவுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுப்பது என் வேலை. கறுப்பு நாடா முதல் வாரம் பச்சையாகத்தான் இருந்தது, பழைய இருப்பில் ஓட்டியது. அப்புறம் வெளிற ஆரம்பித்தது. தினமும் கொழுப்புப் புட்டியின் அடியில் கொஞ்சம் மிஞ்சும், கழுவிக் கொட்டச் சொல்லியிருந்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. உங்கள் இருவருக்கும் சட்டியை வழித்துப் போட்ட கையாயிற்றே, இத்தனூண்டு என்ன செய்துவிடப் போகிறது என்று அதையும் வழித்துக் கறுப்பு நாடாவுக்கு விட்டேன்.

பாசி பச்சைபிடித்தது. பேராசிரியர் துள்ளினார், கொழுப்பே வேண்டாம், பாசி சமாளிச்சுக்குது, உலகமே இத்தனை நாளா தப்பா நினைச்சிட்டிருக்குன்னு கூரை அதிரக் கத்தினார். மறுநாளே வாசலில் பதாகை, பாசி ஒரு மூலையில், மீதி இடம் முழுக்க அவர் முகம். ஆராய்ச்சி நிலைய இயக்குநர் நேரில் பார்க்க நாளும் குறித்தாயிற்று. மாணவியிடம் மட்டும், உன் நாலு வருஷமும் தப்பு, முதல்லேர்ந்து ஆரம்பின்னார். அவள் கழுவுதொட்டியருகே நின்று அழுததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்தச் சொட்டுகள் உறைத்தன. பேராசிரியரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, உங்க வேலை நீட்டிப்புக் கடிதம் என் மேஜையிலதான் இருக்குன்னார். வீட்டில் புலம்பினேன். அப்பா செய்தித்தாளை இறக்காமலே, ஊத்தறதை நிறுத்திடேன், அந்தப் பாசிக்காவது பொய் சொல்லத் தெரியாதில்லேன்னார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் சொன்ன உருப்படியான யோசனை இது ஒன்றுதான்.

நிறுத்தினேன். இயக்குநர் வந்த அன்று கறுப்பு நாடாக் குடுவையெல்லாம் பாத்திரம் அலசிய தண்ணீர் போல இருந்தது. பேராசிரியர், விளக்கு சரியில்லை, நாடா மாறிப்போச்சு என்று அடுக்கினார். எல்லார் முன்னாலும், மிச்சத்தை ஊத்தினது நான்தான், நிறுத்தினதும் நான்தான்னு சொல்லிவிட்டேன். இயக்குநர் மாணவியைப் பார்த்து, மிச்சம் மீதிக்கே பச்சை திரும்புதுன்னா நீ சொன்னதுதானேம்மா சரி என்றார். அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள், எனக்கு நிம்மதி. பதாகையை இறக்கவில்லை, அதே முகத்தின் கீழே கொழுப்பு அவசியம் எனக் கண்டறிந்தவர் என்று புதுத் தாள் ஒட்டிவிட்டார்கள். என் நீட்டிப்புக் கடிதம் அவர் மேஜையை விட்டு எழுந்திருக்கவேயில்லை, மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. கவலைப்படாதே.

பொட்டலம் அனுப்பினால் எதுக்கும்மா இதெல்லாம், எனக்கு ஒண்ணும் வேண்டாம், நல்லாத்தான் இருக்கேன்னு போனில் சொல்கிறாய். இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் வராமல் நீ அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பழைய இருப்பில் ஓட்டிய முதல் வாரத்துக் கறுப்பு நாடாதான் கண்முன் நிற்கிறது. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். கம்பளிச் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள். விடுமுறை கேட்டு எழுது, இல்லாவிட்டால் நானே கிளம்பி வந்துவிடுவேன், இனி எனக்கு வேலையும் இல்லை.

மிச்சத்தைக் கொட்ட மனசு வராத,
உன் அம்மா