குதிகாலில் ஒரு விரல் தடம்

பிராத்தோ, 1563 சனவரி 19

ஓவியப் பலகைக்குப் பூசக் காய்ச்சும் முயல்தோல் பசையை இன்றும் அடிபிடிக்க விட்டுவிட்டேன். கன்னியர் மடம் முழுக்க நாற்றம்.

சாப்பாட்டறையில் தலைவியம்மா எவுஃப்ராசியா அறிவித்தார்: புதுச் சிற்றாலயத்துப் பீடத்தில் வைக்க மாதாவும் குழந்தையும் வேண்டும், மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளுக்குள். நான் பலகையில் வரைய வேண்டும். பெர்பெத்துவா களிமண்ணில் செய்ய வேண்டும். எது சிறந்ததோ அது பீடத்துக்கு. போதாக்குறைக்கு, மடத்துக்குப் பூசை வைக்க வரும் இலாரியோன் சாமியார், ஓவியமா சிற்பமா, எது உயர்ந்த கலை என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கேட்கிறார். ஊரில் படித்தவர்கள் எல்லாரும் இப்போது இதைத்தான் பேசுகிறார்களாம்.

பெர்பெத்துவா சிரித்தாள். “எழுத என்ன இருக்கு ஒர்சோலா? நான் செய்யிறதைச் சுத்தி வந்து பார்க்கலாம். உன்னோடதுக்குப் பின்னாடி போனா மரப்பலகைதான்.”

எல்லாரும் சிரித்தார்கள். தலைவியம்மாவும்.

சனவரி 27

கை வெடித்திருக்கிறது என்று ஆளிவிதை எண்ணெய் கேட்டு பெர்பெத்துவா என் அறைக்கு வந்தாள். எண்ணெய் வாங்கிய பிறகும் போகவில்லை. என் பலகை முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். எதற்கு?

பிப்ரவரி 3

குழந்தையின் இடது குதிகாலில் விரல் தடம். ஈரவண்ணம் இழுபட்டிருக்கிறது. ஒரு வாரமாக அந்தக் கால் ஒன்றுக்காகவே உழைத்தேன், பலகையைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதுபோல் வர வேண்டும் என்று.

தடத்தில் மண் இல்லை. கை கழுவிவிட்டு வந்திருப்பாள். அவ்வளவு தெரியாதவளா?

பிப்ரவரி 9

என் பக்கத்தை எழுதி முடித்தேன். தூரம், மூடுபனி, கண்ணில் மின்னும் ஈரம், இதில் எதைச் சிற்பி செய்வாள்? உடம்புக்கு உடம்பையே செய்வதில் என்ன அறிவு? தட்டையான பலகையில் மேடும் பள்ளமும் காட்டுவதல்லவா அறிவு? சாமியாருக்குப் பிடிக்கும்.

கிணற்றடியில் பெர்பெத்துவா தானாக வந்து பேசினாள். “உன் பிள்ளை காலு நல்லா வந்திருக்குடீ.”

காலைப் பற்றி எதற்குச் சொன்னாள்? முகத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே.

பிப்ரவரி 12

மறுபடியும். அதே இடம்.

இந்த முறை அழுதேன். கதவுக்குப் பூட்டு கேட்டால், மடத்தில் யாரும் எதையும் பூட்டி வைப்பதில்லை என்கிறார் தலைவியம்மா. பெர்பெத்துவா வேலை செய்யும் மண்கொட்டகைக்கு மட்டும் சாவி உண்டு, ஆடு புகுந்துவிடும் என்று. என் அறைக்குள் புகுவது ஆடு இல்லையே!

பிப்ரவரி 19, வெள்ளி

வெள்ளிதோறும் மடத்தில் கூடும் குற்றம் சொல்லும் கூட்டத்தில் எழுந்து, எல்லார் முன்னாலும் பெர்பெத்துவாவின் பெயரைச் சொன்னேன்.

தலைவியம்மாவின் முகம் வெளுத்தது. பெர்பெத்துவாவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: “தொட்டியா?”

“தொட்டேம்மா.” அவ்வளவுதான். காரணமும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு வரை கொட்டகைப் பக்கம் போகக்கூடாது, பாத்திரம் தேய்க்க வேண்டும், யாரோடும் பேசக்கூடாது.

சரிதான் என்று நினைத்தேன். ஆனால் ஏன் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாள்?

பிப்ரவரி 26

களிமண் உருவத்தை ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும், தினமும் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து வெடிக்கும். இது எனக்குத் தெரியும்.

இன்று அடுக்களையைத் தாண்டிப் போனபோது பெர்பெத்துவா என்னைப் பார்த்தாள். பேச முடியாதே. கையிலிருந்த துணியைத் தண்ணீரில் முக்கினாள், பிழிந்தாள், கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். மறுபடி முக்கினாள், பிழிந்தாள்.

நான் புரியாதவள்போல் நடந்துவிட்டேன்.

மார்ச் 6

கொட்டகைச் சாவி ஆணியில் தொங்குகிறது. நான் எடுக்கவில்லை.

மார்ச் 16

குதிகாலில் தடம்!

பெர்பெத்துவா மூன்று நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறாள், எழுந்து நிற்கவே முடியாது என்கிறார்கள். யாரையாவது ஏவினாளா? யாரை? இல்லை, காய்ச்சலே பாசாங்கா?

நாளை திரைக்குப் பின்னால் உட்காரப் போகிறேன்.

மார்ச் 17

மதியச் செபத்துக்கு முன்னால் கதவு திறந்தது. தலைவியம்மா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், குனிந்தார், குழந்தையின் குதிகாலுக்கு அடியில் ஒரு விரலை வைத்தார். எதையோ தூக்கிப் பார்ப்பதுபோல.

நான் வெளியே வந்தேன். அவர் கை அப்படியே நின்றது.

“அந்தக் காலைப் பசை குழைச்சு மேடாக்கியிருக்கியோன்னு சந்தேகம்,” என்றார். “போட்டியில ஏமாத்தறியோன்னு. தொட்டா தட்டையா இருக்கு. வெளியில போனா மறுபடி நம்ப முடியல. திரும்பவும் வந்தேன்.”

“அப்ப பெர்பெத்துவா அக்காவுக்கு எதுக்கும்மா தண்டனை?”

“அவளும் தொட்டேன்னுதானே சொன்னா.” குரல் இறங்கியது. “நானும் தொட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை ஒர்சோலா.”

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். துணி விறைத்துப் பலகைபோல் இருந்தது. விலக்கினேன். மாதாவின் கழுத்திலிருந்து இடுப்புவரை வெடிப்பு. குழந்தையின் கை தரையில் விழுந்து மூன்று துண்டாகக் கிடந்தது. அந்த முகம் — ஐயோ, அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. குழந்தை தூங்கி, அவளுக்குக் கை மரத்துப்போய், அசைக்காமல் வைத்துக்கொண்டிருக்கிற தாயின் முகம்.

அவர்கள் இரண்டு பேரும் தொட்டது என் பலகையை. நான் எதையும் தொடாமலே இதைச் செய்துவிட்டேனே.

மார்ச் 18

நோயாளிகள் அறையில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்க ஏன்க்கா தொட்டீங்க?”

“எண்ணெய்க் கிண்ணத்தைத் திருப்பி வைக்க வந்த அன்னிக்கு, நீ இல்லாதப்ப. ஒரே தடவைதான். அவ்வளவு குளிர்ல அந்தப் பிள்ளை காலு வெளியில கிடந்துச்சு. துணியை இழுத்து மூடிவிடலாம்னு கை தானா போயிருச்சு.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “நான் துணியைப் பிழிஞ்சு காட்டினது உனக்குப் புரிஞ்சுதா?”

புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

“புரிஞ்சுதுக்கா.”

கண்ணை மூடிக்கொண்டாள். போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. மணி அடித்த பிறகு சொன்னாள்: “உடைச்சுத் தண்ணியில போடு, மண்ணு கரையட்டும். முகத்தையும். வச்சுப் பார்த்துட்டிருந்தா வேறொண்ணு செய்ய வராது.”

மார்ச் 19, வெள்ளி

கூட்டத்தில் எழுந்து என் குற்றத்தைச் சொன்னேன். நான் உட்காருவதற்குள் தலைவியம்மாவும் எழுந்து தன் குற்றத்தைச் சொன்னார். அப்படி ஒரு நாளை மடம் கண்டதில்லை.

அக்காவின் தண்டனை நீங்கியது. பீடத்தை அவளுக்கே தரும்படி நான்தான் கேட்டேன். ஆகஸ்ட் 15, மாதா பரலோகத்துக்கு எழுந்த திருநாள்வரை தவணை. என் பலகை நோயாளிகள் அறைக்குப் போகிறது.

மார்ச் 22

முகத்தை உடைக்க என்னால் முடியவில்லை. அக்காவே வந்து உடைத்தாள்.

ஏப்ரல் 30

தினமும் மண் மிதிக்கிறேன். முதுகு விட்டுப்போகிறது. “சிற்பிக்கு அறிவு வேண்டாம், உடம்பு போதும்னு எழுதினியாமே?” என்கிறாள் அக்கா. “நல்லா மிதி.”

சூன் 8

அக்கா இன்று என்னோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நேற்றும். வேண்டுமென்றேவா, வேலை மும்முரமா? கேட்கப் பயமாக இருக்கிறது. துணியை இரண்டு முறை நனைத்தேன்.

ஆகஸ்ட் 11

ஆற்றங்கரைச் சூளையிலிருந்து மாதா வந்துவிட்டாள். எங்கும் வெடிப்பில்லை. முந்தைய முகம் இல்லை இது. இவளுக்குத் தூக்கமில்லாத கண். யாரையும் அவ்வளவு எளிதில் நம்பமாட்டாள், ஆனால் பிள்ளையைக் கையில் கேட்டால் தந்துவிடுவாள்.

மண் உருவத்துக்கு வண்ணம் பூசுவதுதான் வழக்கம். அந்த வேலையை அக்கா என்னிடம் விட்டிருந்தாள். மேலாடைக்கு நீலமும் உதட்டுக்குச் சிவப்பும் அரைத்து வைத்துக்கொண்டு காலை முழுக்க எதிரில் நின்றேன். பிறகு தூரிகையைக் கழுவிவிட்டேன்.

“என்ன, சோம்பேறித்தனமா?” என்றாள் அக்கா.

“இல்லக்கா. தூரிகையை எங்க வைக்கிறதுன்னு தெரியல.”

“நாலு நாள்ல பூசை.”

“தெரியும்.”

அவள் சிலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

“சரி, மண்ணாவே இருக்கட்டும். இங்க வந்து ஒரு பக்கம் பிடி.”