ஜெப நேரத்துப் பேக்கப்

என் உயிரான அத்தானுக்கு,

அங்கே சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. இங்கே ஒரு காரியம் கெட்டுப்போயிற்று. நம் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிட்டது. மார்த்தாண்டத்துக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "டிஸ்க் செத்துப்போச்சு அக்கா, இதுல இனி ஒண்ணும் கிட்டாது" என்றார்.

நான் பதறவில்லை. நீங்கள் செய்துவைத்த ஏற்பாடு இருக்கிறதே என்ற தைரியம்தான். வெளியே தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்து, தினமும் சாயங்காலம் குடும்ப ஜெப நேரத்தில் எல்லாம் அதில் பேக்கப்பாக நகலாகும்படி செய்தீர்களே. அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டரை யாரும் தொட மாட்டார்கள் என்று கண்டுபிடித்ததில் உங்களுக்கு எவ்வளவு பெருமை! "நீ ஒண்ணும் செய்யாண்டாம் கிரேசி, அது தானே எடுத்துக்கிடும்" என்றீர்கள். கேட்டைப் பூட்ட மறக்கிற மனுஷனா இதைச் சொல்வது என்று நான் கேலி செய்தேன்.

உங்கள் தம்பி அந்த டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தின நாள் வரைக்கும் எல்லாப் படங்களும் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

நாங்கள் முழித்துக்கொண்டு நின்றபோது மாமிதான் சொன்னார்கள். "ஜெபத்துக்கு இருக்கும்போ அந்தச் சின்னப் பெட்டிய நான்தான் மக்களே அணைப்பேன். எம் மவன் இருந்த எடத்துல அந்த லைட்டு மட்டும் மினுங்கிட்டுக் கெடந்தா எனக்கு ஜெபம் வராது. முடிஞ்ச உடனே போட்டுருவேனே, என்ன ஆச்சு?"

நகலாகிற நேரமே அதுதான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்ல? திரையில் அவ்வப்போது இங்கிலீஷில் ஏதோ எழுதி வரும், நானும் வாசிக்காமல் மூடிவிடுவேன். "ஒண்ணும் இல்ல மாமி, அவங்க படம் எல்லாம் பத்திரமா இருக்கு" என்றேன். பிறகு அடுக்களையில் போய் அழுதேன்.

கோபம் உங்கள் மேல்தான் வருகிறது. தானே நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே, எது தானே நடந்தது? நம் பிள்ளை அபிஷா எழுந்து நடந்தது, முதல் நாள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அழுதது, ஞாயிறு பள்ளியில் பாடியது, எல்லாப் படமும் போயிற்று. உங்களுக்குக் காட்டவேண்டும் என்றுதான் எடுத்தேன். எப்படிக் காட்டுவாய் என்று நீங்கள் சிரிப்பீர்கள். ஆனாலும் உங்களுக்கென்றுதான் எடுத்தேன்.

அபிஷாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எந்தப் படத்தைத் திறந்தாலும் கைக்குழந்தையாக உங்கள் மடியில் கிடக்கிறாள், நீங்கள் சிரிக்கிறீர்கள். "அம்மா, இதுல நான் வளரவே இல்லியா?" என்று கேட்டாள்.

மறைக்காமல் சொல்கிறேன் அத்தான். அந்த டிஸ்க்குக்குள் நீங்கள் சாகவில்லை. ஒரு நிமிஷம் எனக்கு அது போதும் என்றிருந்தது. இனி எதையும் அதில் ஏற்றவேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். பிள்ளை முகத்தைப் பார்த்ததும் பயந்துபோனேன்.

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பேக்கப் நேரத்தை மாற்றித் தரும்படி உங்கள் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். மாமி நிம்மதியாக ஜெபிக்கட்டும். இனி எடுக்கிற படங்கள் உங்கள் படங்களுக்குப் பின்னாலேயே ஏறும். உங்கள் மடியில் கிடக்கிற பிள்ளையை நான் இறக்கி நடக்கவிடுவேன். இது என் வாக்கு.

உங்கள் அபிஷாவின் அம்மா,
கிரேசி